முதல் வண்டியே பெரிய வண்டியா?

உயரம் குறைந்தவர், இப்போதுதான் பைக் ஓட்டக் கற்பவர், பெரிய வண்டி ஒன்றின்மேல் ஆசைப்படுகிறார். எடுக்கலாமா என்று கேட்டால் அவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. நண்பர்களும் விற்பனையாளரும் “தைரியம் இருந்தா போதும், எடுங்க, ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் “உன் உடம்புக்கு அது எதுக்கு, ஸ்கூட்டியே போதும்” என்கிறார்கள். முதல் பதில் அவரை உசுப்பேற்றுகிறது, இரண்டாவது மட்டம்தட்டுகிறது. கற்றுக்கொள்வதில் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று இருவருமே கேட்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குள்ளமானவர் பெரிய பைக் ஓட்டலாம், நன்றாகவே ஓட்டலாம். அந்தப் பெரிய பைக்கிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் கூடாது. உயரமானவருக்கும் இதே விதிதான். ஆனால் அவர் விதியை மீறினால் அவருடைய கால்கள் அவரை ஓரளவு காப்பாற்றிவிடும். குள்ளமானவருக்கு அந்தக் காப்பு கிடையாது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை வாங்குபவரின் விவேகத்துக்கும் விற்பவரின் நல்ல மனதுக்கும் விட்டுவிட்டு நம் உரிமச் சட்டம் ஒதுங்கி நிற்பது தவறு என்பது என் வாதத்தின் மறுபாதி.

ஷோரூமுக்குப் போகும் குள்ளமானவர் முதலில் கவனிப்பது சீட் உயரத்தை. உட்கார்ந்து பார்க்கிறார், கால் தரையைத் தொட்டால் நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதி எவ்வளவு அரைகுறையானது என்பதை எண்களே சொல்லும். நம் ஊர்த் தெருக்களில் எங்கும் காணப்படும் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. சீட்டில் வித்தியாசம் 20 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு விரல் அகலம். எடையில் வித்தியாசம் 83 கிலோ. அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியர் 650 இன்னும் தெளிவான உதாரணம். அதன் சீட் 740 மில்லிமீட்டர்தான், ஸ்ப்ளெண்டரைவிடத் தாழ்வு. எடையோ 241 கிலோ, ஸ்ப்ளெண்டரைப்போல் இரு மடங்குக்கும் மேல். கால் நன்றாக எட்டுகிறது என்பதற்காக இதைக் கற்பவருக்கு ஏற்ற வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே கேள்வி சீட் உயரத்தோடு நிற்பதில்லை, சிசியோடும் நிற்பதில்லை. எடை, சீட் உயரம், சீட்டின் அகலம் ஆகிய மூன்றும் ஓட்டுபவரின் கால் நீளத்தோடும் உடல் வலுவோடும் அனுபவத்தோடும் எப்படிப் பொருந்துகின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது. உலக நாடுகளின் நூறாண்டு உயரத் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வின்படி இந்திய ஆணின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர், பெண்ணின் சராசரி சுமார் 153. எனவே உலகச் சந்தைக்காக வடிவமைக்கப்படும் ஒரு பைக்கின் முன் ‘குள்ளமானவர்’ என்று நிற்பவர் நம் நாட்டில் விதிவிலக்கான ஆள் இல்லை. அவர்தான் சராசரி மனிதர்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எளிய இயற்பியல் காரணம் உண்டு. பைக்கை நேராக நிமிர்த்தி வைத்திருக்கும்வரை அதைப் பிடித்திருக்க விரல் வலு போதும், ஏனென்றால் முழு எடையும் இரண்டு டயர்கள் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கிய பிறகுதான் எடை மனிதரிடம் வருகிறது. சாய்வு 5 பாகையிலிருந்து 10 பாகையாகும்போது தாங்கிப் பிடிக்க வேண்டிய விசையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உயரமானவர் இரண்டு உள்ளங்கால்களையும் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி நிற்கிறார். சாய்வு தொடங்கும்போதே தொடை வலுவால் அதைத் தடுத்துவிடுகிறார். நுனிக்காலில் நிற்பவர் நிலைமை வேறு. அவருடைய கால் தரையில் நன்றாக அழுந்துவதற்கே வண்டி கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. அவர் தாங்கத் தொடங்கும் நேரத்தில் விசை ஏற்கெனவே கூடிவிட்டது. கால் முழுக்க நீண்டு விறைத்திருப்பதால் தொடைத் தசை உதவிக்கு வருவதில்லை, கால் விரல்களும் கெண்டைக்காலும்தான் சுமையை ஏற்கின்றன. 112 கிலோ வண்டியில் இந்தத் தாமதத்தை ஓர் இழுப்பில் சரிக்கட்டலாம். 195 கிலோவில் ஒரு கட்டத்துக்கு மேல் எவராலும் நிறுத்த முடியாது, வண்டி போகிற பக்கம் விட்டுவிட்டு விலகுவதே புத்திசாலித்தனம். புதியவர் விலகுவதில்லை. புது வண்டிக்குக் கீறல் விழுந்துவிடுமே என்று காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்கிறார், கணுக்காலோ முழங்காலோ வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது.

இதோடு நம் சாலைகளின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், நிறுத்தும்போது இடது காலை ஊன்றுகிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்படுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை விளிம்புக்கும் பக்கத்து மண்ணுக்கும் இடையில் அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும் இடங்கள் ஏராளம். பேருந்துக்கு வழிவிட்டு ஓரம் கட்டும் குள்ளமானவர், தரை இருக்கும் என்று நம்பிக் காலை வைக்கிற இடத்தில் தரை இன்னும் கீழே இருக்கிறது. சமதளத்தில், ஷோரூமின் வழவழப்பான டைல்ஸ் தரையில் நுனிக்கால் எட்டியது என்பது இங்கே எந்த உத்தரவாதமும் தராது. ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணல், பாதாளச் சாக்கடை மூடி, மஞ்சள் வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை என்று கால் வழுக்கவும் வண்டி தடுமாறவும் காரணங்கள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன.

கனமான பைக்கின் இந்தத் தொல்லைகள் ஓடும்போது தெரிவதில்லை என்பதுதான் மக்கள் ஏமாறும் இடம். வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் வண்டி தானே நிமிர்ந்து ஓடும், 195 கிலோ என்பதே மறந்துபோகும். ஷோரூம் ஊழியர் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டுவந்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்து, சாவியைக் கொடுக்கிறார். வாங்குபவர் நேர்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய்வந்து “வெண்ணெய் மாதிரி போகுது” என்கிறார். அந்த டெஸ்ட் ரைடில் பார்த்திருக்க வேண்டியவை எதுவும் பார்க்கப்படவில்லை. குறுகிய தெருவில் ஒரே மூச்சில் யூ டர்ன் எடுப்பது, மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்று பின்னால் உருளாமல் கிளம்புவது, சந்தையில் நெருக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாகத் தள்ளி எடுப்பது, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளச் சரிவில் திரும்புவது, பின்சீட்டில் ஆள் ஏறும்போது வண்டியை நிலையாகப் பிடிப்பது ஆகியவை எல்லாம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் நடக்கும் வேலைகள். பைக் ஓட்டுவதில் மிகக் கடினமான பகுதியும் இதுதான். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஏற்றத்தில் இப்படியொரு வளைவின் நடுவே, எதிரே பேருந்து வந்துவிட, கியர் குறைக்கத் தவறி எஞ்சின் நின்றுபோனால், அங்கே ஒருவரைக் காப்பாற்றுவது கிளட்ச், பின் பிரேக், பார்வை மூன்றையும் இணைத்துக் கையாளும் பழக்கம். கால் நீளம் அதற்குப் பிறகு வரும் கடைசித் துணைதான். உயரமானவருக்கு அந்தக் கடைசித் துணை இருக்கிறது. குள்ளமானவர் பழக்கத்தை மட்டுமே நம்ப வேண்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் அவரிடம் கனமான வண்டியைக் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கற்பவரின் மனதுக்குள் நடப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர் கியர் எதில் இருக்கிறது, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பின்னால் யார் வருகிறார்கள், பக்கத்துச் சந்திலிருந்து யார் நுழைகிறார்கள் என்று ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைக் கவனிக்கிறார். “நின்றால் விழுந்துவிடுவோமோ” என்ற பயமும் இதோடு சேர்ந்தால், கவனத்தில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நிற்கப் பயப்படுபவர் சிக்னலில் நிற்காமல் உருட்டிக்கொண்டே போகப் பார்க்கிறார். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்துகிறார், பார்வையைச் சாலையிலிருந்து எடுத்துக் காலடித் தரைக்குக் கொண்டுபோகிறார். பைக் பார்வை போகும் பக்கம் போகும் வாகனம். தரையைப் பார்ப்பவர் தரைக்குத்தான் போவார். முன் பிரேக்கைத் தொடாதே என்று நம் ஊரில் சொல்லிக்கொடுக்கும் தவறான பாடமும் இங்கே பெரிதாகிறது. வேகமாகப் போகும் பைக்கை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் சக்கரத்தில் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்க ஆகும் தூரம் ஆபத்தான அளவுக்கு நீளும். இலகுவான வண்டியில் முன் பிரேக்கை அளவாக அழுத்தப் பழகிய கையோடு பெரிய வண்டிக்கு வருபவருக்கு இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது.

இது ஊகமாகச் சொல்வது அல்ல. அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. பைக் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நெருக்கடி நேரத்தில் பின் பிரேக்கை மிகையாக அழுத்திச் சக்கரத்தை வழுக்கவிட்டதும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தாததும் மிகப் பரவலான தவறுகள். நம் விவாதத்துக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு வேறொன்று. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலையில் ஓட்டிய அனுபவம் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் இருந்தும், பாதிக்கு மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஓட்டத் தெரிந்தவருக்கே புது வண்டி புது ஆபத்து என்றால், ஓட்டுவதும் புதிது வண்டியும் கனம் என்று இரண்டையும் ஒரே நாளில் தொடங்குபவர் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றுக்கொள்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

இதே அறிக்கையை எதிர்த்தரப்பும் எடுத்துக்காட்டலாம், அதை மறைக்கக் கூடாது. பெரிய எஞ்சின் வண்டிகள் அவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவைவிடக் குறைவாகவே விபத்துகளில் காணப்பட்டன என்றும் அது சொல்கிறது. அப்படியானால் பெரிய வண்டிதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். கனமான வண்டி லாரி கடந்துபோகும் காற்றுக்கு ஆடாது, பிரேக் நன்றாக இருக்கும், டயர் அகலம், ஆகவே புதியவருக்கும் அதுவே நல்லது என்று கடைகளில் கேட்கும் வாதமும் இதைச் சேர்ந்ததுதான். இதில் ஒரு பங்கு உண்மை. ஆனால் 1970களின் கலிபோர்னியாவில் பெரிய வண்டி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் சிறிய வண்டிகளில் பல ஆண்டு ஓட்டி மேலே வந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்பதே அந்தக் குறைவுக்கு எனக்குத் தோன்றும் நியாயமான விளக்கம். வண்டி அவர்களைக் காத்தது என்பதைவிட அனுபவம் காத்தது என்று கொள்வதே பொருந்தும். விபத்து நடந்துவிட்டால் பெரிய வண்டியில் காயம் கடுமையாக இருந்தது என்பதும் அதே அறிக்கை சொல்வதுதான். பிரேக் விஷயத்தில் நம் நாட்டு நிலைமை மாறிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் என்ற, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு கட்டாயம். 150, 160 சிசி வண்டி வாங்குபவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஏபிஎஸ்ஸுக்காக 200 கிலோ வண்டிக்குப் போக வேண்டியதில்லை.

குள்ளமானவர்கள் பெரிய வண்டிகளை அநாயாசமாக ஓட்டுகிறார்களே என்பது அடுத்த எதிர்வாதம். உண்மைதான், அதற்கு உலகமே அறிந்த சான்று ஸ்பெயின் நாட்டு வீரர் டானி பெட்ரோசா. உயரம் சுமார் 160 சென்டிமீட்டர், எடை 51 கிலோ அளவு. மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவில் 31 பந்தயங்களை வென்றவர். ஆனால் அவர் அங்கே எப்படி வந்தார் என்று பாருங்கள். 2003இல் 125 சிசி பிரிவில் உலகச் சாம்பியன். 2004, 2005 இரண்டு ஆண்டும் 250 சிசி பிரிவில் உலகச் சாம்பியன். அதன் பிறகே, 2006இல், 990 சிசி வண்டியில் ஏறினார். உலகின் மிகத் திறமையான குள்ள உருவ வீரர் ஒருவரே படிப்படியாகத்தான் மேலே வந்தார். இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். அவர் பிற்காலத்தில் ஓட்டிய 1000 சிசி பந்தய வண்டிக்கு விதிகள் வகுத்த குறைந்தபட்ச எடை 160 கிலோவைத் தாண்டவில்லை. நம் ஊரில் முதல் வண்டியாக வாங்கப்படும் 350 சிசி வண்டி அதைவிட 35 கிலோ அதிகம். பெட்ரோசாவின் வாழ்க்கை குள்ளமானவரால் முடியும் என்பதை நிரூபிக்கிறது. எந்த வழியில் முடியும் என்பதையும் சேர்த்தே நிரூபிக்கிறது.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அறிவுரை அவர்கள்மேல்தான் அதிகம் வீசப்படுகிறது, பெரும்பாலும் கெட்ட நோக்கத்தோடு. புல்லட்டில் வரும் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அவளுடைய கால் நீளத்தைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. அவள் அங்கே இருப்பதே அவர்களை உறுத்துகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவுப் பட்டத்தை வென்ற பிறகும் இந்தச் சிரிப்பு ஓயவில்லை. அந்த ஏளனத்துக்கு நான் சொல்வது துணைபோய்விடக் கூடாது. 153 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு நான் சொல்வதும், அதே உயரமுள்ள ஆணுக்குச் சொல்வதும், 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குச் சொல்வதும் ஒன்றேதான்: முதலில் இலகுவான கியர் வண்டி, பிறகு கனமானது. ஏளனத்துக்குப் பதிலடி கொடுக்க வேண்டும் என்ற வேகத்தில் முதல் வண்டியாகவே 200 கிலோவை எடுத்து, இரண்டாம் வாரம் சிக்னலில் விழுந்து, பயந்து, வண்டியை விற்றுவிட்டு மறுபடி ஸ்கூட்டருக்கே போய்விடுவதுதான் உண்மையான இழப்பு. தன்னம்பிக்கையை முதல் வண்டியே உடைத்துவிடக் கூடாது.

வண்டியைத் தாழ்த்திக்கொள்ளலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். சீட்டின் பஞ்சைச் செதுக்குவது, சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றிப் பின்பக்கத்தை இறக்குவது, தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் போடுவது என்று வழிகள் உண்டு. நிறுவனமே விற்கும் தாழ்வான சீட் இருந்தால் அதைத் தாராளமாக வாங்கலாம், நல்ல பூட்ஸ் எப்படியும் வேண்டும். லிங்க் மாற்றுவது வேறு கதை. பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வுக் கோணம் மாறி, வண்டி திரும்பும் விதமே மாறிவிடுகிறது. தரைக்கும் எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, நம் ஊர் வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்கிறது. சைடு ஸ்டாண்ட் நீளமாகிப்போவதால் நிறுத்தி வைத்த வண்டி போதுமான அளவு சாயாமல், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழுகிறது. இவ்வளவும் செய்த பிறகும் எடை ஒரு கிலோகூடக் குறைவதில்லை. அனுபவசாலி தன் தேவை அறிந்து செய்துகொள்ளும் மாற்றங்கள் இவை, அனுபவமின்மைக்கு மாற்று ஆகா.

“இரண்டு தடவை செலவா?” என்ற கேள்வியும் வரும். பழைய 125 சிசி வண்டி ஒன்றை வாங்கி ஓராண்டு ஓட்டி விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும், நம் ஊர்ப் பழைய வண்டிச் சந்தை அப்படிப்பட்டது. கற்கும்போது வண்டி விழத்தான் செய்யும். இண்டிகேட்டர், லீவர், ஹேண்டில்பார், பெட்ரோல் டேங்க் நசுங்கல் என்று பெரிய வண்டியில் ஆகும் செலவைப் பக்கத்தில் வைத்தால் கணக்கு தெளிவாகிவிடும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிள் உரிமத்தைக் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டாக மட்டும் பிரிக்கிறது. எஞ்சின் அளவைப் பற்றிய ஒரே கவலை 16 வயதினருக்கானது: அவர்கள் 50 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது. 18 வயது நிரம்பிய ஒருவர் காலையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 100 சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டி உரிமம் பெற்றால், 1000 சிசி வண்டியை ஓட்டவும் அதே உரிமம் செல்லும். அரசுக்கு வண்டிகளுக்கு இடையிலான வித்தியாசம் தெரியாது என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டில் 75, 150, 350 சிசி என்று படிகள் இருக்கின்றன. 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய். ஏபிஎஸ் விதி 125 சிசியில் கோடு போடுகிறது. வரித்துறை பிரிக்கிறது, காப்பீட்டுத்துறை பிரிக்கிறது, வாகனத் தயாரிப்பு விதி பிரிக்கிறது. ஓட்டும் மனிதரின் திறமையை அளக்கும் உரிமம் மட்டும் பிரிக்கவில்லை. வரிக் குறைப்பு 350 சிசி வண்டிகளை முதல் வண்டி வாங்குபவரின் கைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவந்திருக்கும் நேரத்தில் இந்த இடைவெளி கூடுதல் கவலை தருகிறது.

வெளிநாடுகளில் வழி இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் முதல் உரிமம் 200 சிசி வரைதான். ஓராண்டு கழித்துத் தேறினால் 400 சிசி வரை, இன்னும் ஓராண்டு கழித்துத் தேறினால் அதற்கு மேல். ஜப்பானில் 400 சிசிக்கு மேல் ஓட்டத் தனி உரிமம். ஐரோப்பிய ஒன்றியம் 16 வயதில் 125 சிசி, 18 வயதில் 35 கிலோவாட் திறன் என்று ஏணி வைத்திருக்கிறது. இவற்றை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய விதி குதிரைத் திறனைத்தான் பார்க்கிறது, எடையை உச்சவரம்பாகப் பார்ப்பதில்லை. சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இன்டர்செப்டர், 200 கிலோவுக்கு மேல் எடை இருந்தும், திறன் 47 குதிரைத் திறன், அதாவது ஏறத்தாழ 35 கிலோவாட்தான் என்பதால் அந்த இடைநிலை உரிமத்துக்குள் அடங்கிவிடுகிறது. சராசரி உயரம் 165 சென்டிமீட்டர் உள்ள நாடு தனக்கான விதியை எழுதும்போது எடையையும் ஓர் அளவுகோலாக வைக்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு 200 சிசிக்கும் 160 கிலோவுக்கும் உட்பட்ட வண்டி, அதன் பிறகு கனமான வண்டியிலேயே குறைவேகத் தேர்வு என்ற இரண்டு படிகள் போதும் என்பது என் கருத்து. வேலைக்குப் போகும் கோடிக்கணக்கானோரின் 100, 125 சிசி வண்டிகளை இந்த விதி தொடவே தொடாது.

சட்டம் போட்டால் லஞ்சம்தான் கூடும், உரிமமே இல்லாமல் ஓட்டும் நாட்டில் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. சாலையில் நிறுத்திச் சோதிப்பதை நம்பினால் தோற்றுத்தான் போவோம். ஆனால் பெரிய புது வண்டி ஒவ்வொன்றும் பதிவாகியே சாலைக்கு வருகிறது. வாகனப் பதிவுக்கு ‘வாகன்’, உரிமத்துக்கு ‘சாரதி’ என்று இரண்டு மின்தரவுத் தளங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. பதிவின்போது வாங்குபவரின் உரிம வகையைச் சரிபார்த்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. சிறிய வண்டிகளிலும்தானே சாகிறார்கள் என்றும் கேட்பார்கள். ஆம், சாகிறார்கள். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள், 64,105, நடந்தது தமிழ்நாட்டில். சிறிய வண்டியே பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. தவறு செய்து திருத்திக்கொள்ள அது அதிக இடம் கொடுக்கும் என்கிறேன். ஹெல்மெட், முறையான பயிற்சி, ஒழுங்கான சாலை எல்லாம் இதோடு சேர்ந்தே வர வேண்டும்.

சட்டம் வரும்வரை வாங்குபவரிடம் ஒரு வேண்டுகோள். ஷோரூமில் வண்டியின் விலையைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்கள். எஞ்சினைப் போடாமல், யாரும் பிடிக்காமல், சைடு ஸ்டாண்டிலிருந்து நீங்களே வண்டியை நிமிர்த்தி, பத்தடி பின்னால் தள்ளி, திருப்பி நிறுத்திப் பாருங்கள். கீழே விழுந்த வண்டியை, முதுகைச் சீட்டில் சாய்த்துக் கால் வலுவால் எப்படி நிமிர்த்துவது என்று அங்கேயே செய்துகாட்டச் சொல்லி, உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் அன்று முன்பணம் கட்டாதீர்கள். ஓராண்டு ஒரு 125 சிசி வண்டியை ஓட்டிவிட்டு அதே கடைக்கு மறுபடி போங்கள்.